அய்யனார் காட்டில் காத்திருக்கும் மண் மனிதர்கள்!

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில், திருமயத்துக்கு முன்னாலேயே நமணசமுத்திரம் வந்துவிடும். திருமயம் கோட்டையைப் பார்க்கக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் இந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே கடந்துவிடுவார்கள். அடுத்த முறை கொஞ்சம் இறங்குங்கள். பக்கத்தில்தான் இளங்குடிபட்டி. அங்குள்ள அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இருபுறமும் மண் குதிரைகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, எண்ணி மாளாது.

புதுக் குதிரைகளுக்கு இன்னும் வண்ணம் மங்கவில்லை. கழுத்தில் மணிச்சரம், நெற்றியில் பட்டயம், பல் தெரியத் திறந்த வாய் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அதற்குப் பின்னால் உள்ளவை வெயிலிலும் மழையிலும் சாயம் போய் மண் நிறத்துக்குத் திரும்பியவை. இன்னும் பின்னால் போனால் காது உடைந்தது, கழுத்து சாய்ந்தது, வயிறு பிளந்து உள்ளே செடி முளைத்தது. கடைசியில் வெறும் ஓட்டுச் சில்லுகள். ஒரே பாதையில் நடந்தபடி பல தலைமுறை நேர்த்திக்கடனைப் பார்த்துவிடலாம்.

எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொள்வது இந்தக் குதிரைகளோடுதான். ஆனால், புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்து அய்யனார் கோயில்களில் குதிரைகளின் காலடியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஒரு முழ உயரத்தில், ஒன்றரை முழ உயரத்தில் மண் மனிதர்கள் நிற்பார்கள். கை கூப்பிய ஆண், இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண், தவழும் குழந்தை, தனியாக ஒரு கால், தனியாக ஒரு கை, ஒரு தட்டில் இரண்டு கண். என்னை அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப இழுப்பவர்கள் இந்தச் சின்ன ஆட்கள்தான்.

இந்தப் பிள்ளை உருவத்துக்கு ஊரில் ‘மதலை’ என்று பெயர். குழந்தை என்பதற்கான பழைய தமிழ்ச் சொல். பாடப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இந்தச் சொல், இங்கே திருவிழா நோட்டீஸில் சர்வசாதாரணமாக அச்சாகிறது. ‘புரவி, மதலை, காளை எடுப்பவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கவும்’ என்று!

“எத்தன மாசம் ஆத்தா?”

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு வேளார் வீட்டு முற்றத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வேளார் என்பது மண்பாண்டம் செய்யும் சமூகத்தின் பெயர். இந்தப் பக்கம் பல அய்யனார் கோயில்களில் அவர்களே பூசாரிகளும்கூட. சாமி உருவத்தைச் செய்பவரும் அவர்தான், அதற்குப் பூசை வைப்பவரும் அவர்தான். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மதியம் ஒரு இளம்பெண் மாமியாரோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.

“அய்யா, ஒரு மதலை சொல்லணும். பொம்பளப் புள்ள.”

“எத்தன மாசம் ஆத்தா?”

“எட்டு முடியப் போகுது.”

“அப்ப உக்காந்துருமே. உக்காந்த மாதிரி பண்ணிரவா?”

அந்தப் பெண் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே பேசினார். “பொறக்கும்போது ஒரு கிலோ முந்நூறுதான் அய்யா. இருபத்தாறு நாள் இன்குபேட்டர்ல வச்சிருந்தாங்க. கண்ணாடி வழியாத்தான் பாக்க விட்டாங்க. நல்லா கன்னம் வச்சுப் பண்ணிருங்க. கையில காலுல மடிப்பு விழுற மாதிரி.”

பெரியவர் மறு பேச்சுப் பேசவில்லை. “பண்ணிரலாம் தாயி. திருவிழாவுக்கு மொத நா வந்து தூக்கிக்க” என்று சொல்லி முன்பணம் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மாமியார் மட்டும் போகும்போது, “காதுல தோடு வச்சுருங்கண்ணே” என்று சேர்த்துச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நடந்தது என்னவோ ஒரு கிலோ முந்நூறு கிராம் பிள்ளையும், குழாய்களும், கண்ணாடிப் பெட்டியும். மண்ணில் வரப்போவதோ மடிப்பு விழுந்த கையும், தோடும், கொழுத்த கன்னமும். நகரத்துச் சிற்பக் கண்காட்சிக்குப் போனால் துயரத்தைத் துயரமாகவே செய்து வைத்திருப்பார்கள். ஒடுங்கிய உடம்பு, குழி விழுந்த கண், முறுக்கிய விரல்கள். அதைக் குறை சொல்லவில்லை, அதுவும் ஒரு வழிதான். இங்கே வழி வேறு. பட்டது என்ன என்பதை யாரும் செய்யச் சொல்வதில்லை. வேண்டியது எதுவோ, கிடைத்தது எதுவோ, அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். கால் முறிந்து ஆறு மாதம் படுத்தவர் கொண்டு வந்து வைப்பது உடைந்த காலை அல்ல, நேராக நிற்கும் காலை. கண் பழுது நீங்கியவர் வைப்பது, நன்றாகத் திறந்த இரண்டு கண்களை. பட்ட கஷ்டம் முழுக்க அந்த உருவத்துக்குப் பின்னால் நிற்கிறது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். வேண்டிக்கொண்டவரும் சாமியும்.

“முகம் அந்தக் குழந்தை மாதிரியே இருக்குமா ஐயா?” என்று பெரியவரிடம் கேட்டேன்.

“மூஞ்சி எல்லாத்துக்கும் ஒண்ணுதான் தம்பி. யாரு புள்ளைன்னு அவருக்குத் தெரியும்ல” என்றார், கோயில் இருக்கும் திசையைக் காட்டி.

உண்மைதான். கோயில் காட்டில் நிற்கும் மண் மனிதர்களின் முகங்களைப் பாருங்கள். அகன்ற கண், நேர்ப் பார்வை, மூடிய உதடு. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. காவல் தெய்வங்களுக்குத்தான் பிதுங்கிய விழி, முறுக்கு மீசை, கோரைப் பல் எல்லாம். மனிதருக்கு ஒரே அமைதியான முகம். ஆனால் கையைப் பாருங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் அந்தத் தாயின் கை, பிள்ளையின் முதுகைச் சுற்றி வந்து அழுத்திப் பிடித்திருக்கும். நான்கு விரலும் தனித்தனியாகப் பதிந்திருக்கும். முகத்தில் காட்டாததை அந்த விரல்களில் காட்டிவிடுகிறார்கள்.

கண் திறக்கும் வரை களிமண்

இந்த உருவங்கள் ஆளுயரப் புரவியானாலும் அரையடி மதலையானாலும் உள்ளே வெற்றிடம்தான். கட்டியாகச் செய்தால் நடுவில் ஈரம் தங்கிவிடும். சூளையின் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உருவத்தையே பிளந்துவிடும். அதனால்தான் குதிரையின் வயிற்றிலும் பொம்மையின் அடியிலும் ஓட்டை விட்டிருப்பார்கள்.

கண்மாய்க் களிமண் தனியாக உருவத்துக்கு உதவாது. காயும்போது சுருங்கி வெடிக்கும். மணலும் நெல் உமியும் கலந்து, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்துப் பதமாக்குகிறார்கள். உமி சூளையில் எரிந்து போய், மண்ணுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. பதம் பார்க்க இயந்திரம் எல்லாம் இல்லை. பெரியவர் ஒரு உருண்டையை எடுத்துக் கயிறு மாதிரி உருட்டி, விரலைச் சுற்றி வளைத்தார். விரிசல் விடவில்லை. “வந்துருச்சு” என்றார்.

பெரிய புரவிக்கு முதலில் நான்கு கால்களையும் குழாய் குழாயாக எழுப்பி, கொஞ்சம் இறுக விடுகிறார்கள். கால் இறுகினால்தான் உடம்பின் பாரத்தைத் தாங்கும். பிறகு மண் திரியை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, உள்ளே ஒரு கையை அணை கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி உடம்பை வளர்க்கிறார்கள். அவசரமே கூடாது. இன்றைக்கு எழுப்பியது நாளைக்கு இறுகிய பின்தான் அடுத்த சுற்று. மதலை அவ்வளவு நாள் பிடிக்காது. சக்கரத்தில் சுற்றிய ஒரு சின்னக் கலயம்தான் வயிறு. அதன் மேல் தலை, பக்கத்தில் கை கால்கள். பிறகு ஈர விரலால் தடவி, ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் ஆக்கிவிடுகிறார்கள். நிழலில் காய வைத்து, வைக்கோலும் விறகும் வரட்டியும் அடுக்கி, மேலே மண் பூசி மூடிச் சுடுகிறார்கள். அன்றைக்கு மழை வந்தால் அவ்வளவுதான். அதனாலேயே அந்த முற்றத்தில் எல்லோரும் பேச்சுக்கு நடுவே ஒரு முறை வானத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த வேலை எதுவும் சும்மா ஆரம்பிப்பதில்லை. புரவியெடுப்பு என்று ஊர் கூடி முடிவெடுத்ததும் ‘பிடிமண்’ கொடுப்பார்கள். ஒரு கைப்பிடி மண்ணை, வெற்றிலை பாக்கு, காணிக்கையோடு வேளாரிடம் ஒப்படைப்பது. அந்தக் கைப்பிடி போய்ச் சேர்ந்தால்தான் மற்ற மண் மிதிபடும். ஊருக்கு ஊர் முறை மாறினாலும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் இந்த விழாக்களை அதிகம் பார்க்கலாம். செய்து முடித்த உருவங்களைக் குதிரைப் பொட்டலில் நிறுத்தி, மாலையும் வேட்டித் துண்டும் சாத்தி, சாமியாடி வர, மேளத்தோடு தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். வயல் வரப்பில் ஆளுயரக் குதிரை ஆடி ஆடிப் போவதைப் பார்க்கும்போது, தூக்குபவர்களைவிட நமக்குத்தான் நெஞ்சு பதறும். மதலையைப் பெண்கள் தலையிலோ இடுப்பிலோ வைத்து எடுத்து வருவார்கள். நிஜக் குழந்தையை இடுப்பில் வைப்பது போலவேதான்.

அதற்கு முன்னால் கண் திறப்பு. கடைசியாகக் கருவிழி வைத்து, பூசை செய்யும் வரை அது களிமண். அதுவரை பெரியவர் அதைத் தட்டுகிறார், திருப்புகிறார், காலால் நகர்த்தக்கூடச் செய்கிறார். கண் வந்த பிறகு அப்படி யாரும் தொடுவதில்லை.

உடைந்தால் உடையட்டும்

கோயிலில் இறக்கி வைத்த பிறகு என்ன பராமரிப்பு? ஒன்றும் கிடையாது! கூரை இல்லை, வேலி இல்லை, மறுபடி வண்ணம் பூசுவதும் இல்லை. எனக்கு முதலில் இது விசித்திரமாகத்தான் பட்டது. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை வெயிலில் விட்டுவிட்டுப் போகிறார்களே என்று. ஆனால் இங்குள்ளவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. எடுத்து வந்து இறக்கியதோடு கடன் தீர்ந்தது. அதற்குப் பிறகு அது மண்ணின் பாடு.

ஸ்டீபன் இங்லிஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் மதுரை வட்டாரத்து வேளார்களோடு பழகி, அவர்களின் கலையைப் பற்றி எழுதிய நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-ல் வெளியிட்டது. கல்லில், உலோகத்தில் செய்வது நிலைப்பதற்காக. வேளார் மண்ணில் செய்வது அழிந்து, திரும்பச் செய்யப்படுவதற்காக. அவருடைய எழுத்துகளில் இந்த வேறுபாடு முக்கியமான இடம் பெறுகிறது. அழிவதால்தான் அடுத்த வருடம் பிடிமண் வருகிறது. பிடிமண் வருவதால்தான் மகன் அப்பாவிடமிருந்து கால் எழுப்பக் கற்றுக்கொள்கிறான்.

இப்போது அந்தச் சங்கிலியில்தான் கை வைத்திருக்கிறது சிமென்ட். பல கோயில்களில் வாசலில் இரண்டு பெரிய சிமென்ட் குதிரை நிறுத்தி எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு முறை செலவு செய்தால் பல வருடத்துக்குக் கவலை இல்லை, வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் பேரைக் கல்வெட்டில் போடலாம். நியாயமான கணக்குதான். ஆனால் சிமென்ட் குதிரை நின்ற ஊரில் வேளாருக்கு வேலை இல்லை. பெரியவரின் இரண்டு மகன்களில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். பேரன் பத்தாம் வகுப்பு. விடுமுறையில் வந்து மண் மிதித்துக் கொடுப்பதோடு சரி.

அடுத்த சிக்கல், மண்ணே கிடைப்பது. முன்பெல்லாம் கண்மாயில் வண்டியை விட்டு அள்ளி வந்தார்கள். பிறகு அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதானது. 2024-ல் தமிழக அரசு இதைக் கொஞ்சம் எளிதாக்கி, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி, கண்மாய்களிலிருந்து கட்டணமில்லாமல் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று கொண்டுவந்தது. “இப்பத் தேவல. ஆனா மழைக்கு முன்னாடி அள்ளிரணும், பேப்பரு மழைக்கு முன்னாடி வரணும்ல” என்கிறார் பெரியவர்.

நெல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெண்

இந்தப் பழக்கம் ஏதோ இரண்டு மாவட்டத்து வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கொங்கு நாட்டில் இதையே ‘உருவாரம்’ என்பார்கள். உடுமலைப்பேட்டை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில், பொங்கலையொட்டி விவசாயிகள் மாடு, கன்று உருவாரங்களைக் கொண்டு வந்து குவிப்பதைப் பார்க்க வேண்டும். மாடு பிழைத்தால் வீடு பிழைக்கும் என்றிருந்த காலத்து வேண்டுதல், டிராக்டர் வந்த பிறகும் நிற்கவில்லை.

காலத்தில் பின்னால் போகவும் வழி உண்டு. மதுரையிலிருந்து அரைமணி நேரத்தில் கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தார்கள், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். அங்கே கிடைத்த சுடுமண் பொருள்களில் கட்டைவிரல் அளவு மனிதத் தலைகளும் உண்டு. கிள்ளி வைத்த மூக்கு, குச்சியால் கீறிய வாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது, முந்தின நாள் முற்றத்தில் பார்த்த விரல் வேலைதான் ஞாபகம் வந்தது.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 2004, 2005-ல் நடந்த அகழாய்வில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதன் மேல் மண்ணை ஒட்டி உருவங்கள் செய்திருந்தார்கள். ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் நெற்பயிர், ஒரு கொக்கு, மான், முதலை. ஆதிச்சநல்லூர், இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். அங்கே போய் யாரோ ஒருவர், செத்துப் போனதைச் செய்யாமல், வயலும் தண்ணீரும் பறவையும் பெண்ணுமாகச் செய்து வைத்திருக்கிறார். கன்னத்தில் சதை வைக்கச் சொன்ன அந்த ஸ்கூட்டிப் பெண்ணை இவருக்கு நன்றாகப் புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

சிவகங்கை, புதுக்கோட்டை வரை போக முடியாதவர்களுக்கு, சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் அய்யனாரும் மண் குதிரைகளும் இருக்கிறார்கள். குழந்தைகள் சக்கரத்தில் கை வைத்துப் பார்க்கவும் அங்கே வசதி உண்டு. புதுச்சேரிக்குப் போனால் வில்லியனூர் சுடுமண் வேலைகளைப் பாருங்கள், புவிசார் குறியீடு பெற்றவை. புதுச்சேரி சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் உருவம் செய்வதைச் சோறு போடும் தொழிலாகத் தக்கவைக்க இப்படி வேறு பாதைகளும் இருக்கின்றன. வீட்டு வரவேற்பறைக்கு வாங்குகிற பொம்மைக்கும் கோயில் காட்டுக்கு எடுக்கிற மதலைக்கும் நோக்கம் வேறு என்றாலும், இரண்டுக்கும் விரல் ஒன்றுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இவை சுற்றுலாத் தலங்கள் அல்ல, கும்பிடுகிற கோயில்கள். செருப்பை எங்கே கழற்ற வேண்டும், எதுவரை போகலாம், படம் எடுக்கலாமா என்று ஊரில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில கோயில்களில் பெண்கள் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டுவதில்லை. குதிரை மேல் பிள்ளைகளை ஏற்றிவிடாதீர்கள், உள்ளே வெற்றிடம் என்பதுதான் தெரியுமே! உடைந்து கிடக்கும் அழகான ஒரு தலையைப் பார்த்ததும் ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று பையில் போடத் தோன்றும். வேண்டாம். அது யாரோ ஒருவர் தீர்த்த கடன்.

புரவியெடுப்புத் தேதி பெரும்பாலும் எந்த இணையதளத்திலும் இருக்காது. ஊர் முக்கில் டீக்கடையில் கேட்டால், இந்த வருடம் எடுப்பு உண்டா, பிடிமண் கொடுத்தாயிற்றா, எந்த வேளார் வீட்டில் வேலை நடக்கிறது என்று மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். விழாவுக்குப் பத்து நாள் முன்னதாகவே போய்விடுங்கள். பெரியவரின் முற்றத்தில் அன்றைக்கு நான் எண்ணியபோது கண் வைக்காத மதலைகள் பதினொன்று காய்ந்துகொண்டிருந்தன. ஒன்பது உட்கார்ந்தவை, ஒன்று தவழ்வது, ஒன்று தொட்டிலில். தொட்டிலில் இருந்தது யாருடையது என்று கேட்டேன். “அவங்களுக்கு இன்னும் பொறக்கல தம்பி. போன வாரம் சொல்லிட்டுப் போயிருக்காக” என்றார்.